ஓட்டையில்லாத கார்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நம்மோடு படித்த ஒருவர், ஓய்வு பெற்ற கையோடு, எங்கோ ஷெட்டில் கிடந்த பழைய கார் ஒன்றை வாங்கி, வீட்டு வாசலிலேயே வெல்டிங் வைத்து, தகரம் ஒட்டி, பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார். கீழே நீங்கள் எல்லாரும் வரிசையாக இதயம் போட்டிருந்தீர்கள். ‘அந்தக் காலத்து இரும்பே தனி’ என்று ஒருவர். ‘இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா’ என்று இன்னொருவர். நான் மட்டும் எதுவும் போடவில்லை. கோபமா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். ஆமாம், கோபம்தான். அந்தக் காலத்து இரும்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நாம் ஆறாம் வகுப்பு முடித்த லீவில் ஆரம்பித்து தை மாதம் வரைக்கும் எங்கள் வீடு அதோடுதான் குடித்தனம் நடத்தியது.

அருப்புக்கோட்டையில் எங்கள் கடை உங்களுக்கு நினைவிருக்கும். பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு, தவிடு. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணற்றடி. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கிற தண்ணீரை அம்மா தெருக்குழாயில் வரிசை நின்று இரண்டு குடம் பிடித்துவருவாள். குளியல், துவையல், பாத்திரம் எல்லாம் உப்புத் தண்ணீரில்தான். கிணற்றடி இரும்பு வாளி ஆறு மாதம் தாங்காது. அடிப்பக்கம் பொடிப்பொடியாக உதிர்ந்து விழும். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வாளியை வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றியவர் என் அப்பாதான்.

அம்மாவின் ஊர் திருச்சுழிக்கு அந்தப் பக்கம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்து ஊருக்கு அம்மா மூன்று வருஷமாகப் போகவில்லை. போகவிடவில்லை என்று சொல்வதுதான் சரி.

காரணத்தைக் கேட்டால் உங்களுக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் ஒரு காதுகுத்து. அம்மாவின் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பெரியப்பா, வாடகைக் காரில் வந்து இறங்கினார். நாங்கள் பஸ்ஸில் போனோம். சித்திரை வெயில், ஜன்னல் கண்ணாடி இல்லாத பஸ். இறங்கும்போது அப்பாவின் வெள்ளைச் சட்டை கரிசல் புழுதியில் சாம்பல் நிறமாகியிருந்தது. அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு வந்து, “வாங்க மாப்ளே. புழுதியா இருக்கு, முதல்ல கைகாலக் கழுவுங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் பெரியப்பா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி எறிந்தார். “எல்லார் முன்னாடியும் என்னைப் புழுதிப்பயன்னு சொல்லிட்டாருல்ல. இனி உங்கப்பன் வீட்டு வாசல்ல போய் நின்னா கார்லதான் நிப்பேன். ஒரு பொட்டுப் புழுதி இல்லாம இறங்குவேன். அது வரைக்கும் நீயும் போகக் கூடாது.” அம்மா, “அவுக அப்படிச் சொல்லலைங்க” என்று ஆரம்பித்தாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது வருஷம் பங்குனியில் சித்தியிடமிருந்து கடிதம் வந்தது. சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று எழுதிவிட்டு, கடைசி வரியில், ‘அக்கா, என் தலையை நீதான் பின்னிவிட வேண்டும், வேறு யார் கையும் படக் கூடாது’ என்று எழுதியிருந்தாள். அம்மா அந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். சிவப்புப் பட்டு நூலில் மூன்று குஞ்சம் வைத்த சடைக்குஞ்சம் ஒன்றைத் தன் கல்யாணப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் காயவைத்தாள். அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? சரி, போய் வா என்று. அவருக்குத் தோன்றியது கார்.

பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கிற ஒரு ஜின்னிங் மில்லின் பின் ஷெட்டில் பல வருஷமாகக் கிடந்த பச்சை நிறக் கார் அது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கட்டும் என்று காத்திருந்து, பொரித்த மறுநாள் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். எஞ்சின் ஒரு வாரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பு? கதவின் அடியைத் தொட்டால் விரல் உள்ளே போனது. பின்சீட்டுக்குக் கீழே தரையே சல்லடையாக இருந்தது. அதன் வழியாக எங்கள் வீட்டுக் கோழி என்னை நிமிர்ந்து பார்த்தது.

வெல்டிங்காரர் ஒருவரை அப்பா பிடித்துவந்தார். டிராக்டர் டிரெய்லருக்கும் ஜன்னல் கம்பிக்கும் வெல்டிங் வைக்கிறவர். தள்ளுவண்டியில் மெஷினை ஏற்றிவந்து, எங்கள் மெயின் பெட்டியில் கொக்கி மாட்டி, முதல் நெருப்பை வைத்தார். தெருவில் இருந்த விசைத்தறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கின. டக்கடக்கென்று ஓடிக்கொண்டிருந்தவை டக்... டக்... என்று இழுத்தன. பக்கத்துத் தறிக்காரர் சுவரேறி, “ஏலே, எவன்டா கரண்ட்டத் திங்கிறது? இழை பூராம் அறுகுது!” என்று கத்தினார். அன்றிலிருந்து தறிகளுக்குச் சாப்பாட்டு இடைவேளை விடும்போதுதான் எங்கள் வீட்டில் வெல்டிங். அந்த ஒரு மணி நேரம் தெரு முழுக்கக் கருகின இரும்பு வாடை. நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்த, அம்மா கற்றாழைச் சோறு வைத்துக் கட்டிவிட்டாள்.

வெல்டிங்காரர் முதல் நாளே சொன்னார். “அண்ணாச்சி, இது அப்பளம் மாதிரி இருக்கு. ஒரு பொத்தல அடைச்சா பக்கத்துல மூணு பொத்தல் விழுகுது. துருப்பிடிச்சத பூராம் வெட்டி எடுத்துட்டு, நல்ல தகரத்துல தரைய வச்சுப் பத்த வச்சாத்தான் நிக்கும்.”

“அதுக்கு எம்புட்டு நாளாகும்?”

“அது ஆகும், ரெண்டு மாசம்.”

“அதெல்லாம் வேண்டாம். மேல தகரத்த வச்சு ஒட்டு. பெயிண்டு அடிச்சா யாருக்குத் தெரியப் போகுது? மழையே பெய்யாத ஊருல துரு எங்கிட்டு வரும்?”

மழையே பெய்யாத ஊர்! உப்புக் கிணற்றுக்கும் அந்த ஆளுக்கும் நடுவே நான்கு அடி தூரம். போன மாதம்தான் வாளி மாற்றினார்.

கேட்டுக்குப் போடுகிற கனத்த தகரத்தை வெட்டி, மக்கிப்போன தரைமேல் வைத்து, ஓரத்தில் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்தார்கள். அடியில் இருந்த துரு அப்படியே இருந்தது. அதற்கு மேல் ரெட் ஆக்சைடு என்கிற சிவப்புப் பூச்சு. அதற்கும் மேல், துரு வரவே கூடாது என்று, அப்பா தன் சொந்த மூளையில் கண்டுபிடித்த மருந்து: கடையிலிருந்து விளக்கெண்ணெய் கொண்டுவந்து அடிப்பாகம் முழுக்கத் தடவினார். ஒரே இரவில் ஊர் எறும்பெல்லாம் எங்கள் காருக்குக் குடிவந்தது. எறும்பைப் போக்க உப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். தரை சத்தம் போடாமலிருக்கப் பிண்ணாக்குச் சாக்கை நான்கு மடிப்பாக விரித்து, அதன்மேல் புது ரெக்ஸின் ஒட்டினார். கழுவுகிற தண்ணீரையெல்லாம் அந்தச் சாக்குதான் குடித்தது. குடித்ததைத் திருப்பித் தரவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விடலாம். அந்த ஓட்டை விஷயம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

அப்பாவுக்குத் துருவைவிடப் புழுதிமேல்தான் பயம். கார் உடம்பில் எங்கே ஓட்டை இருந்தாலும் அது வழியாகப் புழுதி ஏறும், தாத்தா வீட்டு வாசலில் மறுபடியும் சொம்போடு நிற்பார் என்று அவருக்கு ஒரு எண்ணம். தினமும் காரைச் சுற்றிவந்து, குனிந்து, படுத்து, ஓட்டை தேடினார். ஒவ்வொரு கதவின் அடியிலும் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி இரண்டு மூன்று ஓட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றையும் அடைக்கச் சொன்னார்.

வெல்டிங்காரர் முகமூடியைத் தூக்கிவிட்டு, “இது துரு ஓட்டை இல்லண்ணாச்சி. கம்பெனிக்காரனே வச்சது. கண்ணாடி இடுக்கு வழியா இறங்குற தண்ணி வெளிய போகணும்ல” என்றார்.

“கம்பெனிக்காரன் நம்ம ஊருப் புழுதியப் பாத்திருக்கானா? அடைன்னா அடை.”

அடைத்துவிட்டார். அவர் என்ன செய்வார், கூலிக்கு வந்தவர். அன்றிலிருந்து தினமும் காலையில் அப்பா பத்து வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றி அந்தக் காரைக் குளிப்பாட்டினார். வெள்ளிக்கிழமையென்றால் மஞ்சள், குங்குமம், சூடம் வேறு. அம்மா ஒரு நாள் அடுப்படியிலிருந்து, “இந்தத் தண்ணியில குளிச்சுக் குளிச்சு என் தலைமுடியே பாதி கொட்டிருச்சு. இரும்பு தாங்குமாங்க?” என்று கேட்டாள். “கார் கழுவத் தெருக்குழாய்த் தண்ணி கேக்குறியா?” என்று அப்பா சிரித்தார்.

ஆனி மாதம் ஒரு நாள் நான் பின்சீட்டில் உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினேன். உள்ளே கொளக் என்று ஒரு சத்தம். திறந்து சாத்தினேன். மறுபடியும் கொளக். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்போமே, அதே சத்தம். நான்கு கதவையும் ஆட்டிப் பார்த்தேன். நான்கிலும் தண்ணீர். கடைக்கு ஓடிப்போய், “அப்பா, கதவுக்குள்ள தண்ணி இருக்கு” என்றேன். அவர் தவிடு நிறுத்துக்கொண்டிருந்தார். “போய்ப் படி போ” என்றார். மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் நானே கடையிலிருந்து ஒரு நாலு இஞ்ச் ஆணியும் எடைக்கல்லும் எடுத்துவந்து, காருக்கடியில் படுத்து, கதவின் அடியில் வைத்து ஒரே போடு போட்டேன். செம்மண் கரைசல் மாதிரி தண்ணீர் என் கழுத்திலும் பாவாடையிலும் கொட்டியது. துரு வாடை. நாக்கில் பட்டது, உப்பு. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, ஓட்டையைத்தான் பார்த்தார். முதுகில் விழுந்த அறை இன்னும் நினைவிருக்கிறது. “ஒரு ஓட்டை இல்லாம ஆக்குறதுக்கு நான் உசுர விடுறேன், நீ ஆணி வச்சு அடிக்கிறியா?” வெல்டிங்காரரை மறுபடி கூப்பிட்டு அதையும் அடைத்தார். அவர் தயங்கி, “புள்ள சரியாத்தான் செஞ்சிருக்கு அண்ணாச்சி” என்றார். அதற்கு அப்பா சொன்ன பதில் எழுதத் தகுந்ததல்ல. அம்மா என் பாவாடையை அலசும்போது அந்தச் சிவப்புக் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாளே போய்விட வேண்டும், பெண்ணுக்கு மருதாணி வைக்க வேண்டும், விடிகாலையில் தலை பின்ன வேண்டும் என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் நாள் அப்பா காரைத் தொட்டுப் பார்த்தார். கடைசிப் பூச்சு விரலில் ஒட்டியது. “பெயிண்டு காயல. இப்பப் போனா புழுதி பூராம் ஒட்டிக்கும். விடியக் கிளம்புவோம்” என்றார். அம்மா, “நான் மட்டும் புள்ளையக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல முன்னாடி போறேனே” என்றாள். அதைக் கேட்டு அப்பா பார்த்த பார்வையில் அவள் உள்ளே போய்விட்டாள்.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, உள்ளே மூன்று பேரும் வெந்துகொண்டிருந்தோம். சித்திக்குச் சீராகக் கொடுக்கிற பெரிய பித்தளை அண்டாவை அம்மாவின் காலடியில் வைத்திருந்தார். அண்டாவுக்குள் அரிசி, தேங்காய், பழம். அம்மாவின் மடியில் சடைக்குஞ்சமும் ஊசி டப்பாவும். ஒன்றைச் சொல்ல வேண்டும், அம்மா அன்று சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் கழித்துப் போகிறாள்.

பாதி வழி தாண்டி ஒரு பள்ளத்தில் கார் இறங்கி ஏறியது. படாரென்று ஒரு சத்தம். அம்மாவின் காலடியில் வெளிச்சம் தெரிந்தது. கேட் தகரம் மக்கின ஓரத்தோடு பெயர்ந்து, ஊறிய சாக்கையும் இழுத்துக்கொண்டு கீழே போக, அண்டா அதன் பின்னாலேயே இறங்கி ரோட்டில் உரசி, தரைக்கும் ரோட்டுக்கும் நடுவே ஆப்பு அடித்ததுபோல மாட்டிக்கொண்டது. அம்மா இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். கார் அசையவில்லை. அரிசி ரோடெல்லாம் சிந்தியிருந்தது.

அப்பா இறங்கிப் பார்த்தார். சுற்றிலும் சீமைக்கருவேலம், ஆள் இல்லை. “அஞ்சு நிமிசம்” என்றார்.

பின்னாலேயே பஸ் வந்தது. கண்டக்டர் தெரிந்தவர். தலையை நீட்டி, “என்னக்கா, கல்யாணத்துக்குத்தான? ஏறுங்க, முகூர்த்தத்துக்குக் கொண்டுபோய் விட்டுர்றேன்” என்றார். அம்மா கதவில் கை வைத்துவிட்டாள். அப்பா அவளைப் பார்க்காமல், “நீ போப்பா, ரைட்டு. இந்தா சரியாயிரும்” என்று பஸ்ஸைத் தட்டி அனுப்பினார்.

அண்டாவை இழுத்தார், உதைத்தார், ஜாக்கி வைத்தார். ஜாக்கி வைத்த இடமும் உள்ளே போனது, அதுவும் துரு. அடுத்த பஸ் வந்தது. அதையும் கை காட்டிப் போகச் சொன்னார். பஸ் ஜன்னலில் அம்மாவின் சொந்தக்காரர்கள் சீர்த்தட்டோடு உட்கார்ந்து கையாட்டிப் போனார்கள். வெயில் ஏறியது. அம்மா மணியைக் கேட்டாள், அப்பா கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டார். முகூர்த்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பஸ் தூரத்தில் தெரிந்தபோது அம்மா எழுந்து நடு ரோட்டில் போய் நின்றாள். கையெல்லாம் காட்டவில்லை, சும்மா நின்றாள். டிரைவர் பிரேக் போட்டதில் எழுந்த புழுதி அவள் பட்டுச்சேலை முழுக்க அப்பியது. அவள் தட்டிவிடக்கூட இல்லை. “வா புள்ள” என்று என்னைப் பிடித்து ஏற்றினாள். அப்பா, “அப்ப என் பேச்சுக்கு என்ன மதிப்பு?” என்றார். “நீங்க கார்ல வாங்க” என்றாள் அம்மா.

கேலியாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்த மறுவாரம் எங்கள் கிணற்றடிக்கு அது திரும்பி வந்து நின்றது. ஒரு நாள் காலை அம்மா என்னிடம், “அந்த ஆணி எங்க?” என்று கேட்டாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, காருக்கடியில் உட்கார்ந்து, நான்கு கதவிலும் வரிசையாக அடித்தாள். வெகுநேரம் சிவப்புத் தண்ணீர் ஓடியது. “நீ அன்னைக்கே சொன்ன” என்றாள். அப்பா பல் குச்சியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தை மாதம் எடைக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா நினைத்த நாளில் பஸ் ஏறினாள், யாரிடமும் கேட்கவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் கடையைச் சாத்திவிட்டுத் தலைமாட்டில் உட்காருகிறவர். அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாகிறது. கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

அன்றைய கதைக்கு வருகிறேன். நாங்கள் போய் இறங்கும்போது மேளம் அடங்கியிருந்தது. தாலி கட்டி முடிந்து, சித்தி மணவறையில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் கோணிக்கொண்டு போனது, அழவில்லை. கடைசி நிமிஷம் வரைக்கும் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, ‘அக்கா வரட்டும், அக்கா வரட்டும்’ என்று பிடிவாதமாக இருந்தாளாம். நேரமாகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாள் இழுத்து உட்காரவைத்து அவசரமாகப் பின்னியிருந்தாள். சடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சித்தி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற கல்யாணப் படத்தில் இன்றைக்கும் அந்தச் சடை அப்படித்தான் இருக்கிறது. அந்தப் படத்தில் அம்மா கிடையாது.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது அம்மா சித்தியைக் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். தரையில் உட்காரவைத்து, பின்னால் உட்கார்ந்து, அந்தச் சடையை அடி வரைக்கும் பிரித்தாள்.

“ஏத்தா, தாலி கட்டி முடிஞ்சிருச்சு. இனிமே எதுக்குப் பின்னிக்கிட்டு?” என்று யாரோ கேட்டார்கள்.

“எனக்கு” என்றாள் அம்மா.

அப்போதுதான் தெருவில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். இரண்டு உழவு மாடுகள் அப்பாவின் காரை இழுத்துக்கொண்டு வந்தன. மாட்டுக்காரர் முன்னால் நடக்க, அப்பா உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்து நேராக உட்கார்ந்திருந்தார். நெளிந்த அண்டா கூரைமேல் கட்டியிருந்தது. தாத்தா வாசலில் மாடுகள் நின்றன. காரின் உடம்பு தொய்ந்துபோனதில் கதவு திறக்கவில்லை. அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க வெளியே இறங்கினார். தரையில்லாத காரில் மாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர் எப்படி இருப்பார்? தலை, மீசை, சட்டை எல்லாம் புழுதி. கண் மட்டும் தெரிந்தது.

தாத்தா கையில் சொம்போடு படி இறங்கினார்.

“வாங்க மாப்ளே. புழுதியா இருக்கு, முதல்ல கைகாலக் கழுவுங்க.”

ஒரு எழுத்து மாறவில்லை. அதே குரல். வாசலுக்கு வருகிற யாரிடமும் அந்த மனிதர் சொல்கிற வார்த்தை அதுதான் என்று, நாங்கள் வந்ததிலிருந்து வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னதைக் கேட்ட எனக்கே புரிந்திருந்தது. அப்பா சொம்பை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

“கார்லதான் வந்தேன் மாமா” என்றார்.

“தெரியுது மாப்ளே. மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லியிருக்கேன்” என்றார் தாத்தா.

உள்ளறையில் எல்லாமே கேட்டது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வாயில் கொண்டை ஊசி, மடியில் சிவப்புக் குஞ்சம். முடியை மூன்று காலாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு இறுக்கி இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.

சித்தி மெதுவாகச் சொன்னாள். “அக்கா, வலிக்குது.”